டஃப்டிங் கன் மக்கர் பண்ணுகிறதா? முதலில் துணியைப் பாருங்கள்

வீட்டில் டஃப்டிங் கன்னால் (இழுத்துக் கட்டிய துணியில் நூலைக் குத்தி ஏற்றும் மின்கருவி) ரக், அதாவது தரைவிரிப்பு, செய்யப் பழகுகிறவர்கள் கொஞ்சம் சிக்கல் வந்ததும் கையில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவரைத்தான். நூல் நிற்கவில்லை, வரிசை கோணுகிறது, துணி கிழிகிறது என்றால் கன்னில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, கண்ணில் பட்ட திருகையெல்லாம் கழற்றிவிடுகிறார்கள். அதுவரை நன்றாக இருந்த கன்னுக்கு அதற்குப் பிறகு நிஜமாகவே கோளாறு வந்துவிடும்.

எது கெட்டாலும் இந்த வரிசையில் தேடுங்கள்: துணி, உங்கள் கை, நூல், கடைசியில் கன். புதிதாகக் கற்பவர்களின் பிரச்சினைகளில் பெரும்பாலானவை முதல் மூன்றிலேயே தீர்ந்துவிடும்.

நான் இங்கே சொல்வது ஏகே-1 என்று விற்கப்படும், நூலை வெட்டிக்கொண்டே போகும் கன்னை வைத்து. ஏகே-2 வெட்டாமல் வளையமாக விட்டுச் செல்லும். டியுவோ என்ற வகையில் இரண்டும் உண்டு. முதல் கன்னாக ஏகே-1 போதும் என்பது என் கருத்து. டியுவோவில் மாற்றிப் பூட்ட வேண்டிய பாகங்கள் இருப்பதால், எது எதனால் கெட்டது என்று புதியவருக்குப் பிடிபடாது.

கன் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுக்குக் காரணம் தானே புரியும். ஊசி என்பது நுனி சரிவாக வெட்டப்பட்ட ஒரு குழாய். அது துணியைத் துளைத்து நூலை மறுபக்கம் தள்ளும். அங்கே கத்தரி நூலை வெட்டும். ஊசி திரும்பி வரும்போது, விலகிக் கொடுத்த துணி இழைகள் மறுபடி நெருங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் நிற்பது ரக்கின் பின்பக்கம், வெட்டிய நூல் குஞ்சமாக நிற்பது முன்பக்கம். வெட்டும் கன்னில் ஒவ்வொரு குஞ்சமும் தனித்தனி. ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தால் பக்கத்தில் உள்ளது அசையாது. வளைய கன்னில் ஒரு வரிசை முழுக்க ஒரே நூல், ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசையே கூட வரும். எதுவானாலும், பசை பூசும் வரை நூலைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் துணியின் கவ்வல் மட்டும்தான். வேறு பிடிமானம் எதுவும் கிடையாது.

குத்திய நூல் நிற்காமல் கன்னோடு திரும்ப வருகிறது

அதிகம் பேர் புலம்புவது இதைச் சொல்லித்தான். முதலில் துணியின் நடுவில் விரலால் சுண்டுங்கள். டொம் என்று கேட்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் லேசாகத்தான் உள்ளே போக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஊசி துணியைத் துளைக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். பாதி ஆழத்தில் விட்ட நூல் எப்படி நிற்கும்?

இழுத்துக் கட்ட ஒரு முறை உண்டு. மேல் சட்டத்தின் நடுவில் முதலில் மாட்டுங்கள், அடுத்து கீழ் நடு, இடது நடு, வலது நடு. அங்கிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர் பக்கமாக மாறி மாறி இழுத்துப் போங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றி வந்தால் கடைசி மூலையில் துணி சுருங்கி நிற்கும். டஃப்டிங் துணியில் சீரான இடைவெளியில் நிறக் கோடுகள் ஓடும். அலங்காரத்துக்குப் போட்டதல்ல அவை. கோடு நேராக இருந்தால் துணி சரியாக நிற்கிறது, வளைந்திருந்தால் அந்தப் பக்கம் இழுவை கூடிப்போயிருக்கிறது.

சட்டத்தில் மாட்ட கார்பெட் ஆணிப்பட்டை நல்லது. உள்ளூர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்காவிட்டால், ரீப்பர் கட்டையில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகச் சிறிய ஆணிகளை வெளிப்பக்கம் சாய்த்து அடித்து வேலையை முடிக்கலாம். சாய்வு முக்கியம், நேராக அடித்த ஆணியிலிருந்து துணி நழுவும். அதே சமயம் சட்டம் ஒல்லியாக இருந்தால் நீங்கள் இழுக்க இழுக்கக் கட்டையே உள்பக்கம் வளைந்து கொடுக்கும். மூன்றடி அகலச் சட்டத்துக்கு ஒரு இஞ்ச் ரீப்பர் போதாது, இரண்டு இஞ்ச் தடிமன் எடுங்கள். மூலைகளுக்கு எல் ஆங்கிள் அடித்து, சட்டத்தை சி கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்கிவிடுங்கள். ஆடுகிற சட்டத்தில் யார் வந்து குத்தினாலும் வரிசை நேராக வராது.

இன்னொன்று: காலையில் விறைப்பாக இருந்த துணி, பாதி வேலை முடியும்போது தளர்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான துளை விழுந்தால் அப்படித்தான். வேலையை நிறுத்திவிட்டு, ஓரங்களைக் கழற்றி மறுபடி இழுத்து மாட்டுங்கள். இதற்குச் சோம்பல்பட்டால் ரக்கின் மேல்பாதி ஒரு மாதிரியும் கீழ்ப்பாதி வேறு மாதிரியும் இருக்கும்.

துணி சரி என்றால் அடுத்து கை. கன்னின் முன்னால் உள்ள உலோகப் பாதம் துணியோடு முழுசாக ஒட்டியிருக்க வேண்டும். துணி பின்னால் சற்றுக் குழியும் அளவுக்கு அழுத்துங்கள். கன்னின் அதிர்வுக்குப் பயந்து கையைப் பின்வாங்கினால் குஞ்சங்கள் குட்டையாகி, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். முடிக்கும்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் விசையை விடுங்கள், ஊசி நிற்கட்டும், அதன் பிறகு கன்னை நேராகப் பின்னால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் கடைசி நாலைந்து குஞ்சம் உங்களோடு வந்துவிடும்.

மூன்றாவது, நூலின் இழுவை. கோனிலிருந்து (நூல் சுற்றிய கூம்பு) கன் வரைக்கும் நூல் தடையே இல்லாமல் வர வேண்டும். தரையில் கிடக்கும் கோன் உருண்டு மேஜைக் காலில் மாட்டினால், கன் குத்தும் ஒவ்வொரு முறையும் நூல் பின்னால் இழுபடும். தலைக்கு மேலே ஒரு வளையம் மாட்டி, கோனுக்கு நேர் மேலாக நூலை ஏற்றி, அங்கிருந்து கன்னுக்கு இறக்குங்கள். ஜன்னல் கம்பியில் மாட்டிய திரைச்சீலை வளையமே போதும். ஆனால் நூல் மேலே ஏறுகிற அறையில் சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. சென்னை மே மாதத்தில் இது கொடுமைதான், இருந்தாலும் ஒரு டேபிள் ஃபேனை வைத்துச் சமாளியுங்கள். நூல் ஃபேனில் சுற்றிக்கொண்டால் கன்னையும் சேர்த்து இழுக்கும்.

துணி கிழிந்து ஓட்டை விழுகிறது

கன் போகும் திசை ஒன்றே ஒன்றுதான். கைப்பிடி கீழே, தலை மேலே என்று பிடித்தால் அது மேல்நோக்கித்தான் போகும். இடப்பக்கம் போக வேண்டுமானால் கன்னையே இடப்பக்கம் திருப்ப வேண்டும். நிமிர்ந்தபடி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால், சரிவாக வெட்டிய ஊசி நுனி துணி இழைகளை அறுத்துக்கொண்டே போகும். வட்டம் போடும்போது கிழிவது இதனால்தான். வளைவில் மணிக்கட்டு திரும்புகிறது, ஆனால் ஊசி திரும்புவதில்லை. சின்ன வட்டமென்றால் ஒரே ஓட்டத்தில் போகாமல் இரண்டு இஞ்ச் போய் நிறுத்தி, கன்னைத் திருப்பி, மறுபடி ஆரம்பியுங்கள்.

போட்ட வரிசை மேலேயே மறுபடி மறுபடி போடுவதும் கிழிசலில் முடியும். அதோடு, வீட்டில் இருக்கும் பழைய பெட்ஷீட்டில் முயன்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அதன் நெசவு நெருக்கம், இழைகளுக்கு விலக இடமில்லாமல் அறுந்துபோகும். சணல் சாக்கில் இடைவெளி இருக்கிறது, ஆனால் இழை முறியும், நூலைக் கவ்வாது. பாலியஸ்டர் கலந்த டஃப்டிங் துணி அல்லது மங்க்ஸ் கிளாத் எனப்படும் தளர்நெசவுப் பருத்தித் துணி, இவை இரண்டுதான் தோது.

கிழிந்துவிட்டதா? பதற வேண்டாம். விரல் நுனி அளவு ஓட்டை என்றால், டஃப்டிங் துணியின் ஓரத்திலிருந்து இழைகளை உருவி, ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக நெய்து அடையுங்கள். பெரிய கிழிசலுக்குச் சுற்றியுள்ள குஞ்சங்களைப் பிடுங்கிவிட்டு, அதே துணியில் ஒரு துண்டை நான்கு பக்கமும் இரண்டு இஞ்ச் மிஞ்சுமாறு வெட்டி, பின்பக்கமிருந்து கையால் நெருக்கமாகத் தையுங்கள். ஒட்டுத் துணிக்கு மேலேயே பிறகு குத்தலாம். பசையில் ஒட்டினால் அந்த இடம் கெட்டியாகி ஊசி இறங்காது.

நூல் ஊசியிலிருந்து நழுவுகிறது, அல்லது நடுவில் சிக்கி நின்றுவிடுகிறது

கோர்க்கும்போது நூல் முதலில் பின்னால் உள்ள வளையத்திலும் அப்புறம் ஊசித் துளையிலும் போக வேண்டும். வளையத்தை விட்டுவிட்டு நேராக ஊசியில் கோர்த்தவர்களுக்குத்தான் நழுவுகிறது. நுனியில் ஒரு இஞ்ச் தொங்கவிட்டு ஆரம்பியுங்கள். ஊசியைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. விசையில் விரல் படுவது சாதாரணமாக நடக்கும்.

சிக்கலுக்கு முதல் காரணம் கோன் நூலில் இருக்கும் முடிச்சு. அது ஊசிக் குழாயில் நுழையாது. முடிச்சு வருவதைப் பார்த்தால் அங்கேயே வெட்டிப் புதிதாகக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

நூலின் தடிமன் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்குக் கோன் நூல் மலிவாகக் கிடைக்கும், அதையே போடலாமே என்று தோன்றும். பனியன் துணிக்கு ஓடும் 20-ஆம் நம்பர் பருத்தி நூல் 100 கிராமில் ஏறத்தாழ 3,400 மீட்டர் வரும். ஸ்வெட்டர் பின்னும் நடுத்தர அக்ரிலிக் நூலோ 100 கிராமில் 200 மீட்டர்தான். அதாவது ஒரு இழை அக்ரிலிக்கின் கனத்துக்குப் பதினாறு பதினேழு இழை பருத்தி வேண்டும். நாம் கன்னில் போடுவதோ இரண்டு இழை அக்ரிலிக். முப்பதுக்கும் மேற்பட்ட கோன்களிலிருந்து ஒரே சீராக நூல் வரவைப்பது வீட்டில் ஆகிற காரியமல்ல. லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் கோனை வாங்கிப் பழகுங்கள், கை படிந்த பிறகு பருத்தியின் பக்கம் போகலாம். கம்பளி அருமையாக நிற்கும், விலை கையைக் கடிக்கும்.

இரண்டு இழை போடும்போது இரண்டும் தனித்தனிக் கோனிலிருந்து, ஒரே இழுவையில் வரட்டும். ஒன்று இறுகினால் பக்கத்துக் குஞ்சத்தைவிட அது குட்டையாகும். ஒரே கோன்தான் இருக்கிறது என்றால் பாதியை வேறு கண்டாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

வெட்ட வேண்டிய கன் வளையமாக விட்டுப் போகிறது

இதில்தான் கன்னைச் சந்தேகப்படலாம். அதிலும் முதல் சந்தேகம் பஞ்சுத் தூசு. பிளக்கைப் பிடுங்கி, கத்தரி மூட்டில் அடைந்திருக்கும் தூசைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். எண்ணெய் விட்டதும் பழைய துணியில் கொஞ்சம் குத்தி மிச்சத்தை உறிஞ்ச விடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை நூலில் கறுப்புக் கோடு விழும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசைச் சேர்க்கும்.

அப்படியும் அரைகுறையாக வெட்டினால் திருகுகள் அதிர்வில் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு முறை வேலைக்கு உட்காரும் முன்னும் அல்லன் கீயால் இறுக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லது. குஞ்ச உயரத்தை மாற்றிய உடனே இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தால், ஊசி வெளியே போகும் நேரமும் கத்தரி மூடும் நேரமும் பொருந்தாமல் போயிருக்கிறது. ஊசி முழுக்க நீளும் வரை கன்னின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கத்தரி மூடும் இடத்தில் நூல் அதற்கு நடுவில் நிற்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வெட்டவில்லை என்றால் கத்தரி மழுங்கிவிட்டது. சாணை பிடிப்பதைவிட மாற்றிவிடுவது மேல்.

கன்னால் குத்தும்போது துணிக்கு அந்தப் பக்கம் கையை வைக்காதீர்கள், வேறு யாரையும் வைக்க விடாதீர்கள். பின்னால் நின்று குஞ்சம் சரியாக வருகிறதா என்று தடவிப் பார்ப்பது குழந்தைகளுக்குப் பிடித்த வேலை. ஊசியும் கத்தரியும் வெளிவருவது அந்தப் பக்கம்தான்.

முன்பக்கம் துணி தெரிகிறது

வரிசைகள் தள்ளித் தள்ளிப் போயிருக்கின்றன. நீங்கள் நிற்கும் பக்கத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே துணி ஒரு மெல்லிய கோடாக, அரை செ.மீ.க்கு மிகாமல், தெரிந்தால் முன்பக்கம் நிறைந்திருக்கும். பின்பக்கம் துணியே தெரியாத அளவுக்கு நெருக்கினால் நூல் செலவும் கனமும் கூடும், துணியும் அறுபடும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஜான் அளவுக்குக் குத்திவிட்டு முன்னால் போய்ப் பாருங்கள். பசை பூசிய பிறகு நிரப்புவது பெரும்பாடு. அதனால் பூசும் முன் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் பார்த்து, இடைவெளி உள்ள இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்து, பின்பக்கம் வந்து அந்த இடத்தில் நிரப்புங்கள். நிரப்பும் முன் குண்டூசியை எடுத்துவிடுங்கள்.

எழுத்து தலைகீழாக இல்லை, ஆனால் படிக்கவும் முடியவில்லை

பின்பக்கம் வரைந்தது முன்பக்கம் கண்ணாடியில் தெரிவதாக வரும். ப போன்ற எழுத்துகள் முதல் பார்வைக்குத் தப்பித்துக்கொள்ளும், ட திரும்பியவுடன் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை எழுதுகிறீர்கள் என்றால் எழுத்து திரும்புவதோடு வரிசையும் வலமிருந்து இடமாக ஓடும். படத்தை மொபைலில் இடவலமாகத் திருப்பிய பிறகே துணியில் வரையுங்கள். குத்திவிட்ட பிறகு தெரிந்தால், அந்த எழுத்துகளை மட்டும் பிடுங்கி, துளைகளை நகத்தால் நீவி அடைத்து, மறுபடி குத்தலாம். ஒரே இடத்தில் ஒருமுறைக்கு மேல் இதைத் துணி தாங்காது.

பசை காயவே மாட்டேன் என்கிறது

ஊடும் பாவுமாக நெய்யும் பவானி ஜமக்காளத்துக்குப் பசை வேண்டாம், நெசவே நூலைப் பிடித்துக்கொள்ளும். டஃப்டிங்கில் அந்தப் பிடிமானம் கிடையாது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலிருந்து ஏற்றுமதியாகும் டஃப்டட் கம்பளங்களுக்கும் பின்னால் லேடெக்ஸ் என்னும் ரப்பர் பால் பசையைப் பூசி, அதன் மேல் ஒரு துணி ஒட்டித்தான் அனுப்புகிறார்கள்.

லேடெக்ஸ் காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாவதால்தான். பூசும்போது பால் வெள்ளை, காய்ந்ததும் லேசான மஞ்சளில் கண்ணாடி மாதிரி ஆகும். எங்காவது வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளில் காய்வது, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஃபேன் காற்று படட்டும், சுள்ளென்ற வெயிலில் வைக்க வேண்டாம், ரப்பர் வெயிலில் சீக்கிரம் முறுகும்.

ஒரே தடவையில் கெட்டியாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஏதாவது ஒன்றால் மெல்லியதாக இழுத்துப் பூசி, காய்ந்ததும் இரண்டாவது தடவை பூசுங்கள். பிரஷ் வேண்டாம், லேடெக்ஸ் அதிலேயே உறைந்து பிரஷ் வீணாகும். குஞ்சம் உள்ள இடத்தோடு நிறுத்தாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை பூசினால் பிறகு வெட்டும்போது விளிம்பு பிரியாது.

மூக்கைத் துளைக்கும் நெடி லேடெக்ஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியா. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ரப்பர் கையுறை, பலூன் தொட்டாலே சிலருக்குத் தோல் தடித்துப்போகும், அவர்கள் இயற்கை லேடெக்ஸைத் தொடக் கூடாது, செயற்கைப் பசை பார்க்க வேண்டும். மிச்சத்தைச் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பழைய தட்டில் காயவிட்டு உரித்துக் குப்பையில் போடுங்கள்.

லேடெக்ஸ் கிடைக்கவில்லை என்று மரவேலை வெள்ளைப் பசையைப் பூசுகிறவர்கள் உண்டு. சுவரில் மாட்டும் சின்னப் படத்துக்குப் பரவாயில்லை. தரையில் போட்டு மிதிக்கிற ரக்குக்கு அது பலகையாக விறைக்கும், ஈரம் பட்டால் இளகும்.

சட்டத்திலிருந்து எடுத்ததும் ஓரம் சுருள்கிறது

அவசரம்தான் காரணம். பசை முழுசாகக் காயும் முன் கழற்றினால், இழுவையில் இருந்த துணி தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், கூடவே ரக்கையும் மடக்கும். அடுத்த முறை முழுக்கக் காய்ந்த பிறகே கழற்றுங்கள். ஏற்கெனவே சுருண்டதைப் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, கவிழ்த்துப் போட்டு, மேலே கனமான பலகை வைத்து இரண்டு நாள் விடுங்கள். ஓரளவு படியும். பின்னால் கெட்டியான துணி அல்லது ஃபெல்ட் ஒட்டினால் மீதியும் நேராகும்.

மேடு பள்ளம், நிறங்களின் எல்லை கலங்கல்

டஃப்டிங் முடிந்ததும் எல்லா ரக்கும் இப்படித்தான் இருக்கும், இது கோளாறே அல்ல. பசை காய்ந்த பிறகு டிரிம்மரைக் கிடையாக வைத்து, ஒரே உயரத்தில், லேசாக லேசாக மழியுங்கள். அழுத்தினால் பள்ளம் விழும், அதைச் சரிசெய்ய ரக் முழுக்கக் குட்டையாக்க வேண்டியிருக்கும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஊசியால் குஞ்சங்களை அந்தந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு, கோட்டின் மேல் சின்னக் கத்தரியைச் சாய்த்து இரண்டு பக்கமும் மெல்லச் சீவினால் எல்லை பளிச்சென்று விலகும். படம் உயிர் பெறுவது இந்த இடத்தில்தான், அவசரப்படாமல் செய்யுங்கள். பஞ்சு பறக்கும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

நூல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது

புது ரக்கில் சில வாரம் பஞ்சு உதிர்வது இயல்பு. வெட்டும்போதும் மழிக்கும்போதும் உள்ளே தங்கிய துணுக்குகள் அவை. வாக்யூம் கிளீனரில் உருளும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு உறிஞ்சுங்கள், அல்லது மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டுத் தட்டுங்கள்.

துணுக்காக இல்லாமல் முழுக் குஞ்சமாகவே கையோடு வந்தால் விஷயம் வேறு, அந்த இடத்தில் பசை நூலின் அடிவரை இறங்கவில்லை. பின்துணி ஒட்டும் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள்: முன்பக்கம் அங்கங்கே ஒரு குஞ்சத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வந்தால் அந்த இடத்தின் பின்னால் இன்னொரு தடவை லேடெக்ஸை அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். பின்துணி ஒட்டிய பிறகு தெரிந்தால், அதை அந்த மூலையில் மட்டும் மெதுவாக உரித்துப் பூசி, மறுபடி ஒட்டலாம்.